சிறையிலிருந்து பேசிய 'ஐஸ்மேன்': ரிச்சர்ட் குக்லின்ஸ்கி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் மனைவி, மூன்று பிள்ளைகள் என்று குடும்பத்தோடு வாழ்ந்துகொண்டே கொலைகள் செய்துவந்தவர் ரிச்சர்ட் குக்லின்ஸ்கி. பிடிபட்டு ஆயுள் தண்டனை பெற்ற பிறகு, சிறையில் கேமரா முன் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசினார். அந்தப் பேட்டிகளைப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் வாயால் சொன்னது ஒன்று, நீதிமன்றத்தில் நின்றது இன்னொன்று, வீட்டில் இருந்தவர்கள் அனுபவித்தது வேறொன்று. இந்த மூன்றையும் பிரித்துவைத்துப் பார்த்தால்தான் ஆள் யார் என்று பிடிபடும். பேட்டி பார்க்கிற பலர் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

யார் இந்தக் குக்லின்ஸ்கி?

1935 ஏப்ரல் 11 அன்று நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டியில் பிறந்தவர். அப்பா போலந்திலிருந்து வந்து குடியேறி ரயில்வேயில் வேலை பார்த்தவர். அம்மா இறைச்சி பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்தார். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற பருமன். 1961இல் திருமணம். பிறகு டூமான்ட் என்ற அமைதியான புறநகர்ப் பகுதியில் வீடு வாங்கிக் குடியேறினார். பிள்ளைகள் கத்தோலிக்கப் பள்ளியில் படித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், வீட்டுக் கொல்லையில் விருந்து, நல்ல கார் என்று வசதியான குடும்பமாக அக்கம்பக்கத்தில் பெயர்.

உண்மையில் பணம் வந்த வழிகள் வேறு. ஆபாசப் படங்களைப் படியெடுத்து விற்பது, திருட்டுக் கும்பல் நடத்துவது, மலிவு விலையில் சரக்கு வாங்கித் தருவதாகச் சொல்லி ஆட்களை ஏமாற்றுவது. கொலையும் அந்த வரிசையில் ஒன்றாக இருந்தது.

பேட்டிகள் எப்போது, எங்கே எடுக்கப்பட்டவை?

எல்லாமே டிரென்டன் நகரத்துச் சிறையில் எடுத்தவை. எச்.பி.ஓ. தொலைக்காட்சி மூன்று ஆவணப்படங்களாக வெளியிட்டது: முதலாவது 1992இல், இரண்டாவது 2001இல், மூன்றாவது 2003இல். மூன்றாவதில் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டவர் தடயவியல் மனநல மருத்துவர் பார்க் டீட்ஸ். இவை தவிர எழுத்தாளர்களுக்கும் குக்லின்ஸ்கி நீண்ட நேரம் பேட்டி கொடுத்திருக்கிறார். புத்தகங்களும் ஒரு திரைப்படமும் வந்தன.

இணையத்தில் துண்டு துண்டாகச் சுற்றும் காணொளிகள் பெரும்பாலும் இந்த மூன்று படங்களிலிருந்து வெட்டியவைதான். எந்தத் துண்டு எந்த ஆண்டுப் பேட்டியிலிருந்து வந்தது என்று தெரியாமல் பார்த்தால், கதை எப்படிக் காலப்போக்கில் வளர்ந்தது என்பதே கண்ணில் படாது. அது இந்த விஷயத்தில் மிக முக்கியம். பின்னால் விளக்குகிறேன்.

'ஐஸ்மேன்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

அவருடைய குளிர்ந்த சுபாவத்தைப் பார்த்து வைத்த பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். காரணம் அது இல்லை, ஓர் உடல்.

லூயிஸ் மாஸ்கே என்ற வியாபாரி 1981 ஜூலை 1 அன்று காணாமல் போனார். வெற்று வீடியோ நாடாக்கள் மொத்தமாக வாங்க, கையில் சுமார் 95,000 டாலர் ரொக்கத்தோடு கிளம்பியிருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1983 செப்டம்பரில், நியூயார்க் மாநிலத்தின் ராக்லண்ட் மாவட்டத்தில் பல அடுக்குப் பிளாஸ்டிக் பைகளில் சுற்றிய உடல் ஒன்று கிடைத்தது. பார்ப்பதற்கு அண்மையில் இறந்தவர் போல இருந்தது. ஆனால் பிணப் பரிசோதனை செய்த மருத்துவர் ஃபிரெடரிக் ஸுகிபேக்கு ஏதோ இடித்தது. பொதுவாக உடல் உள்ளிருந்து அழுகும். இதுவோ வெளியிலிருந்து உள்நோக்கி அழுகியிருந்தது. இதயத் திசுவைப் பார்த்தபோது அதில் பனித்துகள் இருந்தது. காணாமல் போன அன்று போட்டிருந்த அதே உடைதான் உடம்பில். கொன்றவுடன் உறைய வைத்து, ஆண்டுக்கணக்கில் பதுக்கி, பிறகு கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். இறந்த நாளைக் குழப்பினால் போலீசுக்கு வழி தப்பிவிடும் என்பது கணக்கு. முழுவதும் உருகும் வரை காத்திருக்காததால் அந்தக் கணக்கு தப்பியது.

ஸுகிபேயின் கவனத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். பேட்டிகளில் குக்லின்ஸ்கி தன் சாமர்த்தியத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம், அதை முறியடித்தது ஒரு மருத்துவரின் பொறுமையான வேலை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நீதிமன்றத்தில் எத்தனை கொலைகள் நிலைத்தன?

ஐந்து. கொல்லப்பட்டவர்களின் பெயரைச் சொல்லியே எழுதுகிறேன், ஏனென்றால் பேட்டிகளில் அவர்கள் வெறும் கதாபாத்திரங்களாகக் கரைந்துபோகிறார்கள்.

ஜார்ஜ் மாலிபேண்ட், 1980. சுமார் 27,000 டாலரோடு குக்லின்ஸ்கியைச் சந்திக்கப் போனவர். சில நாள் கழித்து ஜெர்சி சிட்டியில் ஒரு இரும்புப் பீப்பாயில் உடல் கிடைத்தது.

லூயிஸ் மாஸ்கே, 1981. மேலே சொன்னவர்.

கேரி ஸ்மித், 1982 டிசம்பர். குக்லின்ஸ்கியின் திருட்டுக் கும்பலில் இருந்தவர். போலீஸ் நெருங்கியதும், வாய் திறந்துவிடுவார் என்ற பயத்தில் வடக்கு பெர்கனில் ஒரு மோட்டலில் ஒளித்து வைத்தார்கள். அங்கே சாப்பிடக் கொடுத்த ஹாம்பர்கரில் சயனைடு. உயிர் போகத் தாமதமானதால் விளக்கு வயரால் கழுத்தை இறுக்கினார்கள். உடலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார்கள். அதன்பின் அந்த அறையில் வேறு விருந்தினர்கள் வந்து தங்கிப் போயிருக்கிறார்கள். டிசம்பர் 27 அன்றுதான் உடல் வெளிப்பட்டது. கழுத்தில் இருந்த தடம்தான் இதைக் கொலை என்று காட்டியது.

டேனியல் டெப்னர், 1983. அதே கும்பல், அதே காரணம். மே மாதம் வெஸ்ட் மில்ஃபர்டில் குப்பைப் பைகளில் சுற்றிய நிலையில் உடல் கிடைத்தது.

ஸ்மித், டெப்னர் கொலைகளில் 1988 மார்ச்சில் ஜூரி குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. அடுத்து மாஸ்கே, மாலிபேண்ட் கொலைகளைக் குக்லின்ஸ்கி தானே ஒப்புக்கொண்டார். ஆயுள் தண்டனை. 2046 வரை பரோலுக்கு வழியில்லை என்ற அளவுக்குக் காலம் விதித்தார்கள்.

ஐந்தாவது, பீட்டர் கலாப்ரோ, நியூயார்க் காவல்துறைத் துப்பறிவாளர். 1980 மார்ச்சில், பனி கிடந்த ஒரு குறுகிய சாலையில், நள்ளிரவு தாண்டி வீடு திரும்பும்போது சுடப்பட்டார். குக்லின்ஸ்கி இதை ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கியது 2003இல்தான். அந்த மனிதரின் குடும்பம் இருபது ஆண்டுகளுக்கு மேல் பதில் இல்லாமல் இருந்திருக்கிறது.

இன்னொருவரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மருந்துக்கடைக்காரர் பால் ஹாஃப்மன், 1982. அல்சர் மருந்து மலிவாகக் கிடைக்கும் என்று நம்பிப் பணத்தோடு போனவர் திரும்பவில்லை. அவரைக் கொன்று பீப்பாயில் அடைத்ததாகக் குக்லின்ஸ்கி பேட்டியில் சொன்னார். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் கூலிக்கொலை மாதிரித் தெரியவில்லையே?

சரியாகப் பிடித்தீர்கள். இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மாலிபேண்ட், மாஸ்கே, ஹாஃப்மன் மூவரும் பணத்தோடு வந்தவர்கள். அவர் வார்த்தையை நம்பி வந்தவர்கள். 'சரக்கு இருக்கிறது, ரொக்கம் கொண்டுவா' என்று கூப்பிட்டு, கொன்று, பணத்தை எடுத்துக்கொள்வது வழிப்பறி. ஸ்மித்தும் டெப்னரும் தன் சொந்தக் கூட்டாளிகள். போலீசிடம் போய்விடக் கூடாது என்பதற்காகத் தீர்த்துக்கட்டப்பட்டவர்கள். ஆக, யாரோ பணம் கொடுத்து இன்னொருவரைக் கொல்லச் சொன்ன கொலை என்று சொல்லக்கூடியது கலாப்ரோ கொலை ஒன்றுதான். அதிலும் கொல்லச் சொன்னவர் பின்னாளில் மாஃபியாத் துணைத் தலைவரான சாமி கிராவானோ என்று சொன்னது குக்லின்ஸ்கி. கிராவானோ மீது வழக்குப் போட்டார்கள். முக்கியச் சாட்சியான குக்லின்ஸ்கி 2006இல் இறந்ததும் அந்த வழக்கைக் கைவிட்டார்கள்.

'மாஃபியாவின் கூலிக்கொலையாளி' என்ற பட்டம் பெருமளவு அவருடைய சொந்த வாயிலிருந்து வந்ததுதான் என்று நான் சொல்வது இதனால்தான். மாஃபியா ஆட்களோடு அவருக்குப் பழக்கம் இருந்தது, அதை மறுக்கவில்லை. புரூக்ளினில் ராய் டிமியோ நடத்திய கொலைகாரக் கும்பலுக்கு வேலை செய்ததாக அவர் சொன்னார். ஆனால் அந்தக் கும்பலிலிருந்து அரசுச் சாட்சியாக மாறியவர்கள் எத்தனையோ கொலைகளை விவரித்தபோதும், குக்லின்ஸ்கியைத் தங்கள் கொலையாளி என்று காட்டவில்லை.

நண்பனைச் சாப்பாட்டில் விஷம் வைத்துக் கொன்றவன் என்பதைவிட, பெரிய தலைகள் தேடிவந்து வேலை கொடுத்த நிபுணன் என்பது கேட்க எடுப்பாக இருக்கிறது. சிறையிலிருந்து பேசுகிறவருக்கு எந்தப் பிம்பம் பிடித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நூறு, இருநூறு கொலை என்கிறார்களே?

அவர் சொன்னதுதான். ஆண்டுகள் போகப்போக எண்ணிக்கையும் கூடியது. பதினான்கு வயதில், தன்னைத் துன்புறுத்திய ஒரு பையனைக் கம்பால் அடித்துக் கொன்றதுதான் முதல் கொலை என்றார். வில்அம்புத் துப்பாக்கி வேலை செய்கிறதா என்று பார்க்க, வழி கேட்கும் சாக்கில் முன்பின் தெரியாத ஒருவரின் நெற்றியில் எய்தேன் என்றார். மனிதர்களைக் குகையில் கட்டிப்போட்டு எலிகளுக்கு இரையாக்கினேன் என்றார். இவற்றில் எதுவும் வழக்காக நீதிமன்றத்துக்கு வந்ததில்லை.

அவரைப் பிடிக்க மாறுவேடத்தில் பழகிய அதிகாரி டாமினிக் பாலிஃப்ரோன், இருநூறையும் நம்பவில்லை, நூறையும் நம்பவில்லை, போனால் பதினைந்து இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். நேருக்கு நேர் உட்கார்ந்து அவர் பேச்சைப் பதிவு செய்தவரின் கணிப்பு என்பதால் எனக்கு அது பெரிதாகப் படுகிறது.

ஜிம்மி ஹோஃபாவைக் கொன்றது இவர்தானா?

லாரி ஓட்டுநர் சங்கத்தின் முன்னாள் தலைவர் ஹோஃபா 1975 ஜூலை 30 அன்று டெட்ராய்ட் அருகே மாயமானார். இன்றுவரை உடல் கிடைக்கவில்லை. ஹோஃபாவைக் கொன்றது நான்தான் என்ற குக்லின்ஸ்கியின் 'வாக்குமூலம்', குக்லின்ஸ்கி இறந்த ஆண்டில் வெளிவந்த ஒரு புத்தகத்தில்தான் வந்தது. 1992 ஆவணப்படத்தில் இல்லாத கதை. ஹோஃபா வழக்கில் வேலை செய்த முன்னாள் எஃப்.பி.ஐ. அதிகாரி இதைப் புரளி என்றே ஒதுக்கினார். மாஃபியாத் தலைவர் பால் காஸ்டெல்லானோ 1985இல் சுடப்பட்டதிலும் தனக்குப் பங்கு உண்டு என்று குக்லின்ஸ்கி சொன்னார். அந்தக் கொலையைத் திட்டமிட்டவர்களில் ஒருவரான கிராவானோ கோர்ட்டில் சொன்ன சுட்டவர்கள் பட்டியலில் இவர் பெயர் இல்லை. புகழ்பெற்ற எந்தக் கொலையைக் கேட்டாலும் ஒருவர் 'நான்தான்' என்றால், நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

எப்படிப் பிடிபட்டார்?

நியூ ஜெர்சி மாநிலப் போலீசில் இருந்த பாட் கேன் என்ற துப்பறிவாளர் ஒரு வீடுடைப்புத் திருட்டுக் கும்பலை விசாரிக்கப் போனார். கும்பலின் மேலே குக்லின்ஸ்கி இருப்பது தெரிந்தது. அவரோடு கடைசியாகக் காணப்பட்டவர்கள் ஒவ்வொருவராகச் செத்துக் கிடப்பதும் தெரிந்தது. ஒரு சாதாரணத் திருட்டு வழக்குக்குள் இத்தனை கொலை இருக்கிறது என்று மேலதிகாரிகளை நம்பவைக்கவே கேனுக்கு ஆண்டுகள் பிடித்தன.

பிறகு மாநில, மத்திய அமைப்புகள் சேர்ந்து ஒரு குழு அமைத்தன. ஆல்கஹால், புகையிலை, ஆயுதங்கள் தொடர்பான மத்திய அமைப்பிலிருந்து பாலிஃப்ரோன் வந்தார். மாஃபியா ஆள் என்று வேடமிட்டு, பேட்டர்சன் நகரில் குக்லின்ஸ்கி வந்துபோகும் கடையில் பழக ஆரம்பித்தார். அங்கே குக்லின்ஸ்கியின் நெடுநாள் நண்பர் ஒருவர் போலீசுக்கு உதவினார். ஒரு வருஷத்துக்கு மேல் மீன் தூண்டிலைத் தொடவே இல்லை. கடைசியில் சயனைடு கிடைக்குமா என்று கேட்டுக் குக்லின்ஸ்கியே வந்தார். அவருக்கு விஷம் தந்துகொண்டிருந்த ஆள் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்.

1986இல் இருவரும் பேசியவை ரகசியமாகப் பதிவாயின. சயனைடை எப்படிப் பயன்படுத்துவது, உடலை உறையவைத்தால் என்ன ஆகும் என்றெல்லாம் குக்லின்ஸ்கி தாராளமாகப் பேசினார். நான் கேட்டவரை, சிறைப் பேட்டிகளைவிட இந்த ஒலிநாடாக்கள்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பவை. அங்கே அவர் உலகத்துக்காகப் பேசவில்லை, வேலைக்காகப் பேசினார்.

ஒரு பணக்கார இளைஞனைப் போதைப்பொருள் பேரத்துக்கு வரவழைத்து, முட்டை சாண்ட்விச்சில் சயனைடு வைத்துக் கொல்லலாம் என்று இருவரும் 'திட்டம்' போட்டார்கள். அந்த இளைஞன் போலீஸ் உருவாக்கிய ஆள். 1986 டிசம்பர் 17 காலையில், நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றில் சாண்ட்விச்சும் போலி சயனைடும் கைமாறின. சில மணி நேரத்தில், டூமான்ட் வீட்டுக்கு அருகிலேயே, மனைவியோடு காரில் போகும்போது சாலையை மறித்துப் பிடித்தார்கள்.

மரண தண்டனை ஏன் கொடுக்கவில்லை?

நியூ ஜெர்சியில் மரண தண்டனை 1982இல்தான் மறுபடி சட்டமானது. மாலிபேண்ட், மாஸ்கே கொலைகள் அதற்கு முந்தியவை. ஸ்மித், டெப்னர் விஷயத்தில், குக்லின்ஸ்கி தன் கையாலேயே உயிரை எடுத்தார் என்பது நேரடிச் சாட்சியத்தால் நிரூபணமாகவில்லை என்று ஜூரி கருதியதால் அந்தத் தண்டனைக்கு இடமில்லாமல் போனது.

இத்தனை ஆண்டுகள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாமலா இருந்தது?

கொலைகள் தெரியாது என்று மனைவி கடைசிவரை சொன்னார். நான் அதை நம்புகிறேன். ஆனால் இந்தக் கேள்வி கேட்கப்படும் விதத்திலேயே ஒரு கோணல் இருக்கிறது. வெளியே அரக்கன், வீட்டுக்குள் அன்பான அப்பா என்ற 'இரட்டை வாழ்க்கை'ச் சித்திரத்தை முதலில் வரைந்தவர் குக்லின்ஸ்கி. குடும்பம்தான் என் உயிர், அவர்களுக்காகத்தான் எல்லாம் என்று பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொன்னார். கேட்பவர்களும் அதை அப்படியே வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டில் இருந்த பெண்கள் பிற்பாடு வெளிப்படையாகச் சொன்னது வேறு. திருமணத்துக்கு முன்பே, விலகிக்கொள்கிறேன் என்று சொன்ன, பின்னாளில் மனைவியான அந்த இளம்பெண்ணை முதுகில் கத்தியால் குத்தியிருக்கிறார். பிரிந்துபோனால் குடும்பத்தையே கொன்றுவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறார். திருமணத்துக்குப் பிறகு அடி, உடைந்த மூக்கு, நொறுங்கிய சாமான்கள். நல்ல ரிச்சி ஒருவர், கெட்ட ரிச்சி ஒருவர் என்று இரண்டு பேரோடு வாழ்ந்ததாக மனைவி சொன்னார். எந்த நேரம் யார் கதவைத் திறந்து வருவார் என்று யாருக்கும் தெரியாது. உன் அம்மா என் கையால் செத்துவிட்டால், சாட்சி இல்லாமல் உங்களையும் கொல்ல வேண்டியிருக்கும் என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். அதைச் சொன்னபோது அவள் சிறுமி.

கெட்ட நாளுக்கு அடுத்த நாள் பரிசுகள் வரும், நகை வரும், குடும்பமாக வெளியே சாப்பிடப் போவார்கள். அடிக்கிற கணவனோடு வாழ்ந்த எந்தப் பெண்ணும் இந்தச் சுழற்சியை உடனே அடையாளம் கண்டுகொள்வாள். அக்கம்பக்கத்தார் பார்த்தது அந்த அடுத்த நாளை மட்டும்தான்.

தொழிலையும் வீட்டையும் அவர் பிரித்துவைத்தார் என்ற பேச்சும் நிற்காது. டெப்னரை ஒளித்துவைத்ததும் கொன்றதும் குக்லின்ஸ்கியின் மகளை மணக்கவிருந்த இளைஞரின் குடியிருப்பில் என்று அரசுத் தரப்பு காட்டியது. அந்த இளைஞர் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டிவந்தது. தன் பிள்ளையின் வாழ்க்கையை மறைவிடமாகப் பயன்படுத்தியவர் குடும்பத்தைக் காத்தார் என்று எப்படிச் சொல்வது?

எனக்குத் தெரிந்தவரை அவருக்கு இருந்தது ஒரே வாழ்க்கை. ஆளை நம்பவைப்பது, பயத்தில் வைத்திருப்பது, தன் இஷ்டத்துக்கு ஆட்டுவது. பேட்டர்சன் கடையிலும் டூமான்ட் வீட்டிலும் அதே வேலைதான் நடந்தது.

பேட்டியில் அழுதாரே, அது நடிப்பா?

முதல் ஆவணப்படத்தில், குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது உடைந்துவிடுவார். செய்த எதற்கும் வருந்தவில்லை, என் குடும்பத்தைக் காயப்படுத்தியதற்கு மட்டும் வருந்துகிறேன், அவர்கள் மன்னிக்க வேண்டும் என்ற பொருளில் பேசுவார். பார்க்கிறவர்கள் மனசு இளகும் இடம் அது.

கண்ணீர் நிஜமாகவே இருக்கலாம். ஆனால் அந்த வாக்கியத்தின் முதல் பாதியையும் கேளுங்கள். மாஸ்கேயின் மனைவி மக்கள், கலாப்ரோவின் வீட்டார், ஹாஃப்மனின் வீட்டார் யாரும் அந்தக் கண்ணீருக்குள் இல்லை. தன் குடும்பத்துக்கு இழைத்தது என்று அவர் சொன்னதும் பிடிபட்டதால் வந்த அவமானத்தைத்தான். அடித்ததை அல்ல.

கடவுளிடம் வேண்டிக்கொள்ளச் சொன்ன கதை உண்மையா?

ஒருவர் உயிருக்குக் கெஞ்சிக் கடவுளை அழைத்தபோது, அரை மணி நேரம் தருகிறேன், கடவுள் வந்து காப்பாற்றுகிறாரா பார்க்கலாம் என்று சொல்லிக் காத்திருந்து, பிறகு கொன்றதாகச் சொன்னார். அதை அப்படிச் செய்திருக்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார். யார் அந்த மனிதர் என்பது எந்த வழக்கிலும் நிறுவப்படவில்லை. பேட்டிகளில் மிக அதிகமாகப் பகிரப்படும் துண்டுகளில் ஒன்று இது. கதை சொல்வதில் அவருக்கு இருந்த கெட்டிக்காரத்தனத்தை இது காட்டுகிறது. எங்கே குரலைத் தாழ்த்துவது, எங்கே நிறுத்துவது என்று நன்றாகத் தெரிந்திருந்தது.

டாக்டர் டீட்ஸ் என்ன கண்டுபிடித்தார்?

பார்க் டீட்ஸ் அமெரிக்காவின் பெரிய குற்ற வழக்குகள் பலவற்றில், ஜெஃப்ரி டாமர் வழக்கு உட்பட, நிபுணராக இருந்தவர். இந்தப் பேட்டி மற்றவற்றிலிருந்து மாறுபடுவதற்குக் காரணம், இவருக்குக் கொலைக் கதைகளைக் கேட்டு அசருகிற பழக்கம் இல்லை. விவரத்தைக் கேட்கிறார், உணர்ச்சியைக் கேட்கிறார், முரண்பட்டால் சுட்டிக்காட்டுகிறார். ஒரு கட்டத்தில் குக்லின்ஸ்கிக்குக் கோபம் ஏறுகிறது, முகம் மாறுகிறது. டீட்ஸ் அதைக் கவனித்து, இப்போது என்மீது கோபம் வந்ததே, ஏன் என்று அதையே பேசுபொருளாக்குகிறார். மூன்று படங்களிலும் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட சில நிமிடங்கள் அவைதான். சொன்ன கதைகளில் இல்லாத குக்லின்ஸ்கி அந்த முகத்தில் தெரிகிறார். அவர் மனைவி பார்த்துப் பழகிய முகமும் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

நான் ஏன் இப்படி ஆனேன் என்று குக்லின்ஸ்கி கேட்கிறார். டீட்ஸ் சொன்ன பதிலின் சாரம்: சமூக விரோத ஆளுமைக் கோளாறு ஒன்று, எதிலும் சதியைப் பார்க்கும் சந்தேக ஆளுமைக் கோளாறு இன்னொன்று. பயமே எளிதில் வராத சுபாவம் பிறவியிலேயே இருந்திருக்கலாம். அப்படிப்பட்ட குழந்தை அன்பில்லாத, அடி உதை நிறைந்த வீட்டில் வளர்ந்தது.

அப்படியானால் சிறுவயதுக் கொடுமைதான் காரணமா?

அந்த வீடு பயங்கரமான வீடுதான். அப்பா குடித்துவிட்டு அடிப்பார், அம்மாவும் அடிப்பார். அண்ணன் ஃப்ளோரியன் சிறு வயதிலேயே இறந்தான். மாடிப்படியில் விழுந்தான் என்று வெளியே சொன்னார்கள், அப்பா அடித்ததில் செத்தான் என்பதே குடும்பத்துக்குள் இருந்த கதை. இன்னொரு சகோதரர் ஜோசஃப், 12 வயதுச் சிறுமியை வன்புணர்ந்து கொன்றதற்காக ஆயுள் தண்டனை பெற்று அதே டிரென்டன் சிறையில் இருந்தவர்.

இதையெல்லாம் படிக்கும்போது அந்தச் சிறுவர்களுக்காக வயிறு எரிகிறது. ஆனால் அடிபட்டு வளர்ந்த கோடிக்கணக்கானவர்கள் யாரையும் கொல்லவில்லை. டீட்ஸும் ஒற்றைக் காரணமாக அதைச் சொல்லவில்லை.

எதற்காக இவ்வளவு பேசினார்?

வெளியே வரப்போவதில்லை என்று தெரிந்த மனிதர். மேலும் ஒப்புக்கொண்டால் இழப்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. கவனம் கிடைத்தது, கடிதங்கள் வந்தன, சிறைக்குள் மரியாதை கூடியது. சயனைடைப் பற்றிப் பாலிஃப்ரோனிடம் பெருமை பேசியதால்தான் மாட்டினார் என்பதையும் மறக்க வேண்டாம். பேசுவது அவருக்குப் புதிய பழக்கம் இல்லை.

சாட்சி சொல்லும் முன் விஷம் வைத்துக் கொன்றுவிட்டார்களாமே?

2006 மார்ச் 5 அன்று, எழுபது வயதில், டிரென்டனில் உள்ள மருத்துவமனையில் இறந்தார். கிராவானோவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல இருந்த சமயம் என்பதாலும், தனக்கு விஷம் வைக்கிறார்கள் என்று அவரே சொன்னதாலும் சந்தேகம் கிளம்பியது. புகழ்பெற்ற தடயவியல் மருத்துவர் மைக்கேல் பேடன் ஆராய்ந்து, விஷத்துக்கு ஆதாரமில்லை என்றார். மாதக்கணக்காக நோயில் இருந்த மனிதர் அவர்.

பேட்டிகளைப் பார்க்கலாமா? எந்த வரிசையில்?

பார்க்கலாம், ஆனால் வெட்டிய துண்டுகளாக வேண்டாம். முதலில் 1988 வழக்கைப் பற்றி, குறிப்பாகக் கேனின் விசாரணையைப் பற்றிப் படித்துவிடுங்கள். பிறகு 1992 படம், அடுத்து 2001. இரண்டுக்கும் நடுவே எந்தெந்தக் கதை புதிதாக முளைத்திருக்கிறது என்று குறித்துக்கொண்டே பாருங்கள். அப்புறம் டீட்ஸ் பேட்டி. கடைசியாக, மனைவியும் மகள்களும் பிற்காலத்தில் கொடுத்த பேட்டிகளைத் தேடிப் பாருங்கள். அவை குறைவாகவே பகிரப்படுகின்றன, கொலைக் கதைகள் அவற்றில் கிடையாது. ஆனால் குக்லின்ஸ்கியோடு ஒரே கூரையின் கீழ் இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் பேசுவது அவற்றில்தான் இருக்கிறது. சிறுவர்கள் வீட்டில் இருந்தால் 2001 படத்தைத் தனியாகப் பாருங்கள். வர்ணனைகள் மிகவும் கொடூரமானவை.